பிலோமினா கொண்டுவந்த கிணற்றுத் தண்ணீர்

ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குடுவைகள் கழுவும் தொட்டிக்கு மேலே கிழக்குப் பார்த்த யன்னல் ஒன்று இருந்தது. ஒரு நாள் காலை பிலோமினா தன் பையிலிருந்து ஒரு சோடாப் போத்தலை எடுத்து அந்த யன்னல் விளிம்பில் வைத்தாள். லேபிளை உரித்து, வெந்நீரில் அலசி, மூடியை இறுக்கி, சிங்களப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். பேப்பரை விலக்கியதும் வெயில் போத்தலுக்குள் புகுந்தது. தொட்டிக்குள் கிடந்த குடுவைகளின் மேலெல்லாம் பால் விடாத பிளேன்டி நிறம் விழுந்தது.

“எங்கட புதுக் கிணத்துத் தண்ணி அக்கா,” என்றாள். “இத குடிக்கேலுமா?”

அவள் முகத்தில் கேள்வியைவிடப் பெருமைதான் அதிகம் இருந்தது. “எங்கட” என்ற சொல்லை அவள் அழுத்திச் சொன்னது எனக்கு இன்றும் கேட்கிறது.

இந்தத் தொடரை இந்த வாரம்தான் புரட்டுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்த தனியார் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நான் இருபது வருஷத்துக்கு மேல் இரசாயனவியலாளராக இருந்தேன். ஹோட்டல்கள், சோடாக் கம்பனிகள், புதிதாகக் கட்டும் மாடிவீடுகள் என்று எல்லா இடத்துத் தண்ணீரும் எங்களிடம் வரும். பிலோமினா அங்கே குடுவை கழுவும் வேலைக்கு வந்தவள். வயதில் என்னைவிடப் பன்னிரண்டு வருஷம் இளையவள். மத்தியானச் சோற்றை நாங்கள் இரண்டு பேரும் ஒரே மேசையில் வைத்துத்தான் சாப்பிடுவோம். அவளுடைய மீன் சொதி எனக்கு; என்னுடைய கத்தரிக்காய்ப் பால்கறி அவளுக்கு.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு

அவள் பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனையில். பொதுக் குழாயும் பொதுக் கக்கூசும் உள்ள, தோட்டம் என்று பெயர் மட்டும் கொண்ட நெருக்கமான குடியிருப்பில் ஒற்றை அறை. கலியாணம் முடித்தும் அதே அறைதான். நடுவில் சீலையைக் கட்டி, ஒரு பக்கம் தாயும் தம்பிகளும், மறுபக்கம் பிலோமினாவும் கணவன் அன்டனும். டிலானி பிறந்த பிறகு அந்தச் சீலைக்கு இந்தப் பக்கம் மூன்று பேர்.

அன்டன் பேலியகொடை மீன் சந்தையிலிருந்து கடைகளுக்கு மீன் ஏற்றும் வேன் ஓட்டுபவன். அதிகம் பேசாத மனுஷன். பெருந்தொற்று அடங்கிய காலத்தில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் சதுப்பு நிலத்தின் ஓரமாக மண் போட்டு நிரப்பிய காணிகள் மலிவாகப் போகின்றன என்று யாரோ அவனுக்குச் சொன்னார்கள். அவன் தயங்கினான். பிலோமினாதான் விடவில்லை.

“பிள்ளைக்கு ஓடி விளையாட ஒரு முத்தம் வேணும் அக்கா,” என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். இரண்டு அறையும் ஒரு குசினியும் தகரக் கூரையுமாக வீடு எழும்பியது. குழாய்த் தண்ணீர் இன்னும் வரவில்லை. ஆறேழு முழத்தில் தண்ணீர் கண்ட கிணறு ஒன்று இருந்தது. குடிபோன அன்று அன்டனின் தாயையும் கூட்டிக்கொண்டு போனார்கள். டிலானிக்கு அப்போது நாலு வயது. கொட்டாஞ்சேனையில் தாயின் இடுப்பைவிட்டு இறங்காத பிள்ளை, அங்கே போன முதல் நாளே வெறுங்காலோடு மண்ணில் ஓடியதாம்.

அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான் யன்னல் விளிம்பில் இருந்தது.

எனக்குத் தெரிந்த நிறம்

போத்தலைப் பார்த்த மாத்திரத்தில் அது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. காரணம், என் இளமையில் இரண்டு வருஷத்தை அந்த நிறத்துக்குத்தான் கொடுத்திருந்தேன்.

ஹியூமிக் அமிலம் என்பது ஒரு தனிப் பொருள் அல்ல. உப்புக்கும் சீனிக்கும் உள்ளதுபோல் அதற்கு ஒரே ஒரு சூத்திரம் கிடையாது. இலை, புல், வேர், பட்டை எல்லாம் விழுந்து உக்கி, நுண்ணுயிர்கள் தின்று, தின்ற மிச்சம் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நெடுங்காலம் கிடந்து உண்டாகும் கபிலநிறக் கலவை அது. சதுப்பு நிலங்களில் தண்ணீர் தேங்கி நிற்பதால் காற்றுப் போகாது. உக்கல் முழுதாக முடியாது. அதனால் அந்த மண் கறுப்பாக இருக்கும். அந்த மண்ணில் ஊறிவரும் தண்ணீர் தேயிலைச் சாயம்போல் இருக்கும்.

என் முதுமாணிப் பட்ட ஆய்வுக்காகச் சதுப்பில் முழங்கால் வரை இறங்கி அந்த மண்ணை வாளியில் அள்ளியிருக்கிறேன். எரிசோடாக் கரைசலில் ஊறவைத்தால் மண்ணிலிருந்து கறுப்பாக ஒரு சாறு இறங்கும். அதில் அமிலத்தைத் துளித்துளியாக விட்டுக்கொண்டு போனால், ஒரு கட்டத்தில் சாறு திடீரென்று கலங்கி, கபிலப் பஞ்சுபோல் ஒன்று திரண்டு அடியில் உட்காரும். அதுதான் ஹியூமிக் அமிலம். மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீர் அதன் தங்கை, புல்விக் அமிலம். முதன்முதலாக அந்தப் பஞ்சு இறங்குவதைப் பார்த்த நாளில் நான் சாப்பிடவும் மறந்து பீக்கருக்கு முன்னால் நின்றேன்.

இன்னொன்றும் படித்தேன். இந்த அமிலத்தின் ஒவ்வொரு துணுக்கிலும் நிறையக் கைகள் இருக்கின்றன. அந்தக் கைகளால் அது உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும். இரும்பு, செம்பு, நாகம் என்கிற துத்தநாகம், ஈயம் என்று எது வந்தாலும் சரி. மண்ணோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்க வேண்டிய உலோகத்தைக்கூடக் கரைத்தெடுத்து, தன்னோடு தண்ணீரில் கூட்டிக்கொண்டு போகும். என் ஆய்வேட்டின் நாலாவது அத்தியாயம் முழுவதும் அதுதான். ஈயத்துக்கு ஒரு வரைபடமே போட்டிருந்தேன், என் கையால், கறுப்பு மையில்.

மைத்துனர் கேட்ட சந்தேகம்

அந்த வருஷங்களில் ஹியூமிக் என்ற சொல் திடீரென்று பிரபலமாகியது. அரசாங்கம் இரசாயன உரத்தைத் தடைசெய்து, விவசாயிகள் திண்டாடிய காலம். கடைகளில் கறுப்புத் திரவம் நிரப்பிய போத்தல்கள் வரிசையாக வந்தன. சுன்னாகத்தில் வெங்காயம் வைக்கிற என் மைத்துனர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“மச்சாள், உந்த ஹியூமிக் எண்டு விக்கினம். உள்ளுக்கை என்னதான் கிடக்கு? கோப்பித் தண்ணியோ?”

“நல்ல சாமான்தான். ஆனா அது உரமில்லை. உரத்தை மழையிலை கழுவுப்படாமப் பிடிச்சுவைச்சுக் குடுக்கும், அவ்வளவுதான்.”

“அப்ப பிடிச்சுவைக்கிறதுக்கு உரம் எங்கை?” என்று கேட்டுவிட்டு அவர் சிரித்தார். சிரிப்பில் வயிற்றெரிச்சல் இருந்தது. அந்தப் போகம் அவருக்குப் பாதி விளைச்சலும் வரவில்லை.

நான் போனை வைத்ததும், தொட்டியடியில் நின்ற பிலோமினா, “உங்கட ஹியூமிக்க பத்திக் கதைக்கத் தொடங்கினா நீங்க வேற ஆளா மாறிருவீங்க அக்கா,” என்றாள். எனக்கு அது புளுகமாக, பெருமையாக இருந்தது.

“வெறும் இலைச்சாறு”

மறுபடி யன்னலுக்கு வருகிறேன்.

அன்று காலை ஒரு பெரிய ஹோட்டலின் நீச்சல் குளத் தண்ணீரும் சமையலறைத் தண்ணீரும் மேசையில் காத்திருந்தன. மத்தியானத்துக்குள் அறிக்கை வேண்டும் என்று மனேஜர் இரண்டு தரம் வந்து சொல்லிவிட்டுப் போனார். அப்படிப் பதிந்து வரும் தண்ணீருக்கு ஒரு நீண்ட பட்டியல் இருக்கும். கிருமியிலிருந்து ஈயம் வரை ஒன்றும் விடாமல் பார்ப்போம். பிலோமினாவின் போத்தல் பதிவில் இல்லை. அது எங்களுக்குள்ளே நடந்த விஷயம்.

இருந்தாலும் பார்த்தேன். அமிலத்தன்மை பார்த்தேன். நிறம் அளந்தேன். கிருமிக்கு வைத்தேன். கொஞ்சத்தை ஒரு பீக்கரில் ஊற்றி அமிலம் விட்டு ஒதுக்கி வைத்தேன். மறுநாள் காலை அடியில் மெல்லிய கபிலத் தூள் படிந்து, மேலே மஞ்சளாகத் தெளிந்திருந்தது. நான் நினைத்ததேதான். கிருமியும் இல்லை.

பிலோமினாவைக் கூப்பிட்டுப் பீக்கரைக் காட்டினேன்.

“இந்தா பாரும், இதுதான் உம்மட தண்ணியின்ரை நிறம். வெறும் இலைச்சாறு. பயப்பிட ஒண்டுமில்லை.”

“அப்ப பிளீச்சிங் பவுடர் போடவா? பக்கத்து வீட்டு நோனா போடச் சொல்லுது.”

“ஐயோ, போட்டிடாதையும்!” என்றேன். ஹியூமிக் உள்ள தண்ணீரில் குளோரீனைப் போட்டால் இரண்டும் சேர்ந்து குளோரோபோம் போன்ற கெட்ட சாமான்கள் உண்டாகும். அது எனக்கு நன்றாகத் தெரியும். அதை அவளுக்கு விளக்கிச் சொன்னேன். “குளோரீன் வேண்டாம். நல்லாப் பத்து நிமிஷம் கொதிக்கவைச்சு, ஆறவைச்சுக் குடியுங்கோ. அது போதும்.”

“அப்ப சரி,” என்றாள். அவளுக்கு அதற்குமேல் வேறு சாட்சி தேவையில்லை.

நாட்டில் சமையல் காஸ் இல்லாத மாதங்கள் வந்தன. சிலிண்டரோடு வீதியில் நாள்கணக்காக ஆட்கள் நின்றார்கள். அப்போதும் பிலோமினா முற்றத்தில் கல் வைத்து விறகு மூட்டி அந்தத் தண்ணீரைக் காய்ச்சினாள். “அக்கா சொன்னமாதிரி பத்து நிமிஷம் கொதிக்கவிட்டுத்தான் பிள்ளைக்குக் குடுக்கிறன்,” என்பாள். கண்கள் புகையில் சிவந்திருக்கும்.

பிள்ளைக்கு என்ன?

ஒரு வருஷத்துக்குள் டிலானி மெலியத் தொடங்கினாள். வயிற்றை அமத்திப் பிடித்துக்கொண்டு மூலையில் படுத்துவிடுவாளாம். மலம் இறங்காது. சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்புவாள். பூச்சி மருந்து கொடுத்தார்கள். இரத்தம் குறைவு என்று இரும்புச் சத்து மருந்து கொடுத்தார்கள். மாமி, அதாவது அன்டனின் தாய், கோயிலுக்கு நேர்ந்தார். நானும் பிலோமினாவுக்கு மாதுளம்பழமும் பேரீச்சம்பழமும் வாங்கிக் கொடுத்துவிட்டேன். என்னைப்போல் படித்தவள் வேறென்ன செய்வாள்?

பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். பிள்ளை முன்பு எழுதிய எழுத்துகளை மறந்துபோகிறாள், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்று.

அரசாங்க ஆஸ்பத்திரியில் ஓர் இளம் சிங்கள டாக்டர்தான் கேட்டார், வீட்டுக்குப் பக்கத்தில் யாராவது பற்றரி உடைக்கிறார்களா என்று. பிலோமினாவுக்குத் தெரியவில்லை. அன்டன் விசாரித்தான். அந்தக் காணிகளுக்குப் பின்னால் முன்பு பழைய கார் பற்றரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறை ஒன்று இருந்ததாம். அது மூடியபின் அங்கே கிடந்த சாம்பலையும் கசட்டையும் அள்ளித்தான் சதுப்பை நிரப்பினார்களாம். அதற்கு மேல் ஒரு படை செம்மண்.

பிள்ளையின் இரத்தத்தில் ஈயம் இருந்தது.

மூன்று தரம்

பிலோமினா இரண்டாவது போத்தலைக் கொண்டுவந்தாள். இம்முறை அவள் யன்னலடிக்குப் போகவில்லை. நேரே என் கையில் தந்தாள்.

உலோகம் பார்க்கும் இயந்திரத்தில் நானே வைத்தேன். எண் வந்தது. இயந்திரத்தைக் கழுவி மறுபடி வைத்தேன். பிறகு இன்னொரு தரம். மூன்று தரமும் ஒரே கதைதான். குடிக்கக் கூடிய தண்ணீர் அல்ல அது. கால் கழுவக்கூட யோசிக்க வேண்டிய தண்ணீர்.

சதுப்பு இல்லாத நிலமாக இருந்திருந்தால் அந்த ஈயத்தில் பெரும்பகுதி மண்ணோடு ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கும். இங்கே ஹியூமிக் அமிலம் அதைக் கைப்பிடித்துக் கிணற்றுக்குக் கூட்டிவந்துவிட்டது. கொதிக்கவைத்தால் ஈயம் போகாது. தண்ணீர்தான் ஆவியாகி வற்றும். மிஞ்சும் தண்ணீரில் ஈயம் இன்னும் கூடும். வயிற்றுக்குள் போனால் அங்கே இருப்பது அமிலம். அமிலத்தில் அந்தக் கைகள் பிடியை விட்டுவிடும். நான் பீக்கரில் பெருமையாகச் செய்து காட்டியதுதான் அந்தப் பிள்ளையின் வயிற்றிலும் நடந்திருக்கிறது.

இவற்றில் ஒன்றும் எனக்குப் புதிதல்ல. எல்லாம் நாலாவது அத்தியாயத்தில் நானே எழுதியவை.

பிலோமினா பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இண்டையிலையிருந்து ஒரு துளியும் குடிக்கவேண்டாம். சமைக்கவும் வேண்டாம்,” என்றேன். அவள் போத்தலின் மூடியை எடுத்து இறுக்கினாள். பிறகு கேட்டாள்:

“நீங்க அப்ப பாக்கேக்க இல்லாத ஈயம் இப்ப எப்பிடி அக்கா வந்திச்சு?”

அவள் என்னைச் சந்தேகிக்கவில்லை. நான் எல்லாம் பார்த்திருப்பேன் என்று நம்பினாள். தப்பிக்கும் வழியை அவளே என் கையில் தந்தாள். நான் அதை வாங்கிக்கொண்டேன்.

“பிறகு சொல்லுறன்,” என்றேன்.

என் கணவர் சொன்னது

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் நிதானமாகப் பார்ப்பவர். முழுவதையும் கேட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“பிள்ளை மண்ணிலையும் விளையாடினதுதானே? மண்ணிலை இருந்தும் ஏறியிருக்கலாம்.”

“ஓம். ஏறியிருக்கும்.”

“அப்ப தண்ணியாலைதான் எண்டு ஆரும் பிரிச்சுச் சொல்லேலாது. நீர் போய்ச் சொல்லவேணுமெண்டு ஒண்டுமில்லை. உம்மட நல்ல மனசுக்குப் பார்த்துக் குடுத்தனீர். அதுக்குமேலை என்ன?”

அவர் சொன்னதில் பிழை இல்லை. மண்ணில் எவ்வளவு, தண்ணீரில் எவ்வளவு என்று யாராலும் பிரிக்க முடியாதுதான். அந்த நியாயத்துக்குள் நான் ஒன்பது நாள் ஒளிந்திருந்தேன். பிலோமினாவும் லீவில் இருந்தாள். பிள்ளையை ஆஸ்பத்திரியில் வைத்து, இரத்தத்திலிருந்து ஈயத்தை இறக்கும் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பத்தாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. பிள்ளையை வீட்டுக்கு விட்டிருந்தார்கள். பார்க்கப் போனேன்.

அந்த ஞாயிறு

டிலானி பாயில் படுத்திருந்தாள். கைகளில் ஊசி ஏற்றிய இடமெல்லாம் நீலம் பாரித்திருந்தது. வாசலில் கான்களில் வாங்கி வைத்த தண்ணீர் இருந்தது. அன்டன் ஒரு பலகையால் கிணற்றை மூடி ஆணி அடித்துக்கொண்டிருந்தான்.

மாமி கதிரையில் இருந்தார். நான் வந்ததைப் பார்த்ததும், அவருக்குச் சொல்ல ஓர் ஆள் கிடைத்துவிட்டது.

“பாருங்க மிஸ் என்ட பேத்திய. கொட்டாஞ்சேனையில சும்மா இருந்த எங்கள இவதான் இழுத்துக்கொண்டு வந்தது. முத்தம் வேணுமாம், முத்தம். தண்ணிய காய்ச்சிக் காய்ச்சிக் குடுத்ததும் இவதான். லெப்ல வேல செய்றன் எண்டு பெரும வேற. சொந்தப் பிள்ளை குடிக்கிற தண்ணிய பாக்கத் தெரியல்ல.”

பிலோமினா குசினி வாசலில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. இதை அவள் எத்தனையாவது தரம் கேட்கிறாளோ. என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு ஒரு வசனம் போதும். ‘மிஸ்தான் குடிக்கச் சொன்னா’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாமியிடம் அதுவரை அவள் என் பெயரையே எடுக்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

“அம்மா,” என்றேன் மாமியைப் பார்த்து. “பிலோ தண்ணியைப் பாக்கக் கொண்டுவந்தவ. குடிபுகுந்த கிழமையே கொண்டுவந்தவ. பார்த்தது நான். குடிக்கலாம் எண்டு சொன்னதும் நான். காய்ச்சச் சொன்னதும் நான்தான்.”

ஆணி அடிக்கும் சத்தம் நின்றது.

பிலோமினா கேட்டாள்: “அப்ப அண்டைக்கும் ஈயம் இருந்ததா அக்கா?”

“இருந்திருக்கும். நான் ஈயத்துக்குப் பாக்கேல்லை.”

“ஏன்?”

அந்த ‘ஏன்’ என்ற சொல்லை நான் எத்தனையோ விதமாக எதிர்பார்த்துப் போயிருந்தேன். பதில்களும் வைத்திருந்தேன். அவற்றை விட்டுவிட்டு, நடந்ததைச் சொன்னேன்.

“ஹோட்டல் தண்ணி மேசையிலை இருந்தது. உம்மட தண்ணி பதிவிலை இல்லை. நிறத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் தெரியுமெண்டு நினைச்சிட்டன்.”

“சதுப்புத் தண்ணில ஈயம் வருமெண்டு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

அவள் மடித்து முடித்த உடுப்புகளைப் பார்த்தாள். பிறகு அவற்றை ஒவ்வொன்றாக விரித்து மறுபடி மடிக்கத் தொடங்கினாள். அன்டன் உள்ளே வந்து நின்றான். கையில் சுத்தியல் இருந்தது. அது இருப்பதை உணர்ந்தவன்போல் மெதுவாகக் கீழே வைத்தான்.

“நீங்க போங்க அக்கா,” என்றான். அவ்வளவுதான்.

நான் எழுந்தேன். மாமி வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு மருமகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிலானி நித்திரையில் ஏதோ முனகினாள். பிலோமினா போய் அவளுக்குப் பக்கத்தில் சரிந்து படுத்துக்கொண்டாள், எனக்கு முதுகைக் காட்டி.

மற்றக் கிணறுகள்

பிலோமினா அதன்பிறகு வேலைக்கு வரவில்லை. சம்பளத்தையும் சாமான்களையும் வாங்கத் தம்பியைத்தான் அனுப்பினாள்.

அந்த ஓரத்தில் இன்னும் பல வீடுகள் இருந்தன. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் ஒவ்வொரு கிணற்றிலும் தண்ணீர் எடுத்தேன். சிலர் கதவைத் திறக்கவில்லை. காணியின் விலை போய்விடும் என்ற பயம். பிலோமினாவுக்குப் பிளீச்சிங் பவுடர் போடச் சொன்ன அந்தச் சிங்கள நோனா, தானே முன்னால் நடந்து ஒவ்வொரு படலையாகத் தட்டித் தந்தார். ஏறக்குறைய எல்லாக் கிணறுகளிலும் இருந்தது.

மனேஜர், நிறுவனத்தின் தாளில் அறிக்கை எழுதக் கூடாது என்றார். வெறும் தாளில் என் பெயரைப் போட்டு, கையெழுத்து வைத்து, சுகாதாரப் பரிசோதகரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். “இதை எழுதினதுக்கு உங்களுக்கு என்ன கிடைக்கும் மிஸ்?” என்று அவர் சிங்களத்தில் கேட்டார். கேலியாக இல்லை, உண்மையாகவே விளங்காமல். தாளைப் பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து மட்டும் கேட்டு வாங்கினேன். இரண்டு மாதத்தில் பவுசர் லொறியில் தண்ணீர் வந்தது. ஒரு வருஷம் கழித்துக் குழாய் வந்தது.

குழாய் வந்தபோது பிலோமினா அங்கே இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டுக் கொட்டாஞ்சேனைக்கே திரும்பியிருந்தார்கள், அதே ஒற்றை அறைக்கு. நான் இரண்டு தரம் அந்தத் தோட்டத்து வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். ஒருதரம் பிள்ளைக்கு வாங்கிய சப்பாத்தைக் கையில் வைத்திருந்தேன். உள்ளே போகத் துணிவு வரவில்லை.

டிலானியின் இரத்தத்தில் ஈயம் இறங்கிவிட்டதாகத் தம்பியிடமிருந்து அறிந்தேன். ஆனால் படிப்பு ஏறவில்லை. இரத்தத்தில் இறங்கியது இறங்கியதுதான், தலையில் போனது திரும்புமோ என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னாராம்.

நான் ஆய்வுகூடத்தை விட்டதற்குக் காரணம் வயது என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன்.

புறக்கோட்டையில்

சில மாதங்களுக்கு முன் புறக்கோட்டைக்குப் போயிருந்தேன். பஸ் தரிப்பிடத்தில், வெயிலுக்கு ஒதுங்கி நிற்கும் கூட்டத்தில் பிலோமினாவைக் கண்டேன். மெலிந்து, தலையில் ஒரு பக்கம் நரைத்திருந்தாள். பக்கத்தில் டிலானி. நன்றாக வளர்ந்திருந்தாள். இரட்டைப் பின்னல். தாயின் பையைப் பிடித்துக்கொண்டு, போகிற வருகிற பஸ்களை வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிலோமினா என்னைக் கண்டுவிட்டாள். விலகிப் போவாள் என்று நினைத்தேன். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

“மாமி போன மாசம் மோசம் போயிட்டா,” என்றாள்.

“எனக்குத் தெரியாது பிலோ.”

“சாகிறதுக்கு ரெண்டு நாளைக்கு முந்தி என்ட கையப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டா. எல்லாருக்கும் முன்னுக்கு. உன்னைப் பேசினதெல்லாம் பாவம் எண்டு அழுதா.” நிறுத்தினாள். “நீங்க அண்டைக்கு வந்து சொல்லாட்டி அவ அப்பிடிக் கேட்டிருக்க மாட்டா. அது உங்களாலதான். அதச் சொல்லோணும் எண்டுதான் வந்தன்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“ஆனா உங்கள மன்னிக்க என்னால ஏலாது அக்கா. ஏலுமெண்டு பார்த்தனான். நெசமாப் பார்த்தனான். இவ காலையில சப்பாத்த கால் மாத்திப் போட்டுக்கொண்டு வந்து நிப்பா. பத்து வயசாகப் போகுது. அதக் கண்டா எனக்கு ஏலாமப் போகுது.”

“மன்னிக்க வேண்டாம்,” என்றேன். “வேண்டாம் பிலோ.”

அவள் தலையை ஆட்டினாள். கண்ணைத் துடைக்கவில்லை, வெயிலைப் பார்ப்பதுபோல் சுருக்கிக்கொண்டாள். கொட்டாஞ்சேனை பஸ் வந்தது. நடத்துனர் கத்தத் தொடங்கினான். அவள் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஏறினாள். யன்னலோரம் இடம் கிடைத்தது.

பஸ் அசையும்போது பிலோமினா பிள்ளையின் காதருகே குனிந்து சொன்னது எனக்குக் கேட்டது.

“அன்ரிக்கு டாட்டா காட்டு.”

டிலானி உடனே கையைத் தூக்கினாள். யார் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்றும் அவளுக்குத் தோன்றவில்லை. பஸ் திரும்பி மறையும் வரைக்கும், தாய் நிறுத்தச் சொல்லாததால், அவள் கையை ஆட்டிக்கொண்டே போனாள். நானும் ஆட்டிக்கொண்டே நின்றேன்.